‘என்று’ இல்லாத கூற்றுக்கு என்ன பெயர்?

மதுரையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் பற்றிய கட்டுரை ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஸ்தீல் ஆந்திரெக்த் லீப்ர்’ என்பதில் சிக்கிக்கொண்டேன். பாத்திரத்தின் எண்ணத்தை ‘என்று நினைத்தாள்’ எனச் சொல்லாமல் கதைசொல்லியின் வாக்கியமாகவே தரும் உத்தி அது. ஜெனீவா மொழியியலாளர் ஷார்ல் பாயி 1912இல் வைத்த பெயர். ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’ நாவலில் மணமான நாயகி எம்மா, “எனக்கொரு காதலன்!” என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். அது நேர்கூற்று, சிக்கல் இல்லை. அடுத்து வருவது இப்படி: கிடைக்காதென்று அவள் கைவிட்டிருந்த காதலின்பங்கள் கடைசியில் அவளுக்கும் கிடைக்கப்போகின்றன. இதைச் சொல்வது யார், ஆசிரியரா எம்மாவா? நாவல்மேல் 1857 சனவரியில் நடந்த வழக்கில் அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார், இந்த இடம் கள்ள உறவுக்குப் பாடிய துதி என்றார். பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேருக்கு விடுதலை. கட்டுரையே இந்த உத்தியைப் பற்றியது என்பதால் சொல்லைத் தட்டிக்கழிக்க வழியில்லை. ‘கட்டற்ற மறைமுக நடை’ என்று போட்டிருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை.

தஞ்சையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘மறைமுகம்’ எதற்கு அம்மா? அயற்கூற்று பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘கட்டற்ற’ என்றதும் எனக்கு மென்பொருள்தான் நினைவுக்கு வருகிறது. உருபு மறைந்தால் வேற்றுமைத்தொகை, உம்மை மறைந்தால் உம்மைத்தொகை. ‘என்று’ மறைந்தால்? தொகைக்கூற்று. முடிந்தது.
‘என்று’ வினையெச்சமாயிற்றே, அது எப்படித் தொகும் என்று ஒருவர் வருவார். தொல்காப்பியர் இடையியலில் ‘என’வுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு பொருள் சொல்லி, ‘என்று’ம் அதைப் போன்றதே என்கிறார். ஆகவே இடைச்சொல். ‘எண்’ணுக்கும் ‘என்’னுக்கும் உள்ள உறவு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

புதுச்சேரியிலிருந்து, பிரெஞ்சு விரிவுரையாளர்:
தனி மடலுக்குக் காத்திருக்கிறோம் ஐயா, ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. ‘தொகை’ என்றால் என் மாணவர்கள் முதலில் எட்டுத்தொகை என்பார்கள், அடுத்து கட்டணத் தொகை என்பார்கள். சொல்லுக்கு உரை வேண்டியிருந்தால் அது கலைச்சொல்லா, விடுகதையா?
இன்னொன்று. பிரெஞ்சில் இணைப்புச்சொல் விழுவது மட்டுமல்ல. பாத்திரத்தின் எண்ணம் தொடர் இறந்தகாலத்துக்கு மாறிக் கதைசொல்லியின் வாக்கியங்களோடு கலந்துவிடும். நாவலாசிரியர் ப்ரூஸ்த் 1920இல் ஃப்ளோபேரின் நடைபற்றி எழுதியபோது இந்தக் காலத்தைத்தான் பிடித்துக்கொண்டார். தமிழில் “நாளை வருகிறேன் என்றான்” என்போம், காலம் அசையாது. நமக்கு அடையாளம் ‘இதோ’, ‘நாளைக்கு’, ‘பாவி’ போன்ற சொற்கள் படர்க்கை வாக்கியத்துக்குள் நுழைவதுதான். கலவைக்கூற்று எல்லோருக்கும் புரியும்.

தஞ்சையிலிருந்து:
கலவை கொத்தனாருடைய சொல்.

சென்னையிலிருந்து, சங்க இலக்கிய வாசகர்:
தொல்காப்பியச் செய்யுளியலின்படி அகப்பாடல்களில் ஊரார், அயலார், சேரியோர், தந்தை, தமையன்மார் இவர்களுக்குத் தனிக் கூற்று கிடையாது. அவர்கள் பேச்சைப் பிறர் ‘கொண்டெடுத்து மொழிவர்’. இரண்டாயிரம் ஆண்டாகக் கையில் இருக்கிறது. கொண்டுமொழி என்று சுருக்கலாமே?

பாரிஸிலிருந்து:
அண்ணை, ஊரும் சேரியும் எண்டதும் எனக்கு பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலாதான் ஞாபகம் வந்தார். 1877இல் நூலாக வந்த அவரின்ர ‘லஸொம்வார்’ நாவல் நடக்கிற கூத் தோர் தெரு, இங்கே லா சப்பல் தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்திலதான். சலவைக்காரி ஷெர்வேஸின் கதையை அந்தத் தெருவே வம்பு பேசுற மாதிரிச் சொல்லியிருக்கிறார். கதைசொல்லியின் வாயிலயே கொச்சை. மொழிக்காகத் திட்டு வாங்கினவர், மக்களின் பேச்சைப் பொறுக்கி வார்த்ததுதான் தன் குற்றம் எண்டு முன்னுரையில் எழுதினார். ஆனா உங்கட சொல் அங்கேயும் பொருந்தாது. அகப்பாட்டில தோழி “ஊர் இப்படிச் சொல்லுது” எண்டு வெளிப்படையாச் சொல்லுவாள். ஸோலாவோ ஃப்ளோபேரோ ஆரின்ர குரல் எண்டு சொல்லுறதே இல்லை. பினார் தடுக்கி விழுந்ததும் அங்கதான்.

சென்னையிலிருந்து:
சரி. ‘ஒளித்துமொழி’?

புதுச்சேரியிலிருந்து:
ஐயா, வேண்டாம்.

மதுரையிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. பதிப்பாசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். கட்டற்ற அயற்கூற்று என்று போடுகிறேன். மூன்று பேர் அரைமனதாகச் சரி என்றார்கள், ஒருவர் தனிமடலில் “எதையாவது போடுங்கள்” என்றார். பினார் அதே 1857 ஆகஸ்டில் கவிஞர் பொத்லேரின் ‘தீமையின் மலர்கள்’ தொகுப்பின் மீதும் வழக்காடி ஆறு கவிதைகளை விலக்க வைத்தார். அதையும் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும், இடம் போதவில்லை.

தஞ்சையிலிருந்து:
போடுங்கள் அம்மா. ‘கட்டற்ற’ என்றால் எந்தக் கட்டு அற்றது என்று வாசகர் கேட்பார், அதற்கு ‘என்று’ தொக்கது என்றே விடை எழுத வேண்டியிருக்கும். அந்த அடிக்குறிப்பில் தொகைக்கூற்று என்றும் வழங்குவர் எனச் சேருங்கள்.

புதுச்சேரியிலிருந்து:
யார் வழங்குவர்?

தஞ்சையிலிருந்து:
நான்.