ஆர்எக்ஸ்10 மார்க் 4: பறவை பார்ப்பவருக்கு இந்த ஒரே கேமரா போதுமா?

தட்டான்:
சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 ஒன்று, ஒருவர் பயன்படுத்திய நிலையில் விலைக்கு வருகிறது. வார இறுதிகளில் பள்ளிக்கரணைக்கும் வேடந்தாங்கலுக்கும் போகிறேன். பறவைகளுடன் பட்டாம்பூச்சிகளையும் தும்பிகளையும் படமெடுக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத கேமராவுக்கு இவ்வளவு பணம் கொடுப்பது வீண் என்கிறார் நண்பர் ஒருவர். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வல்லூறு:
உங்கள் நண்பர் சொல்வதே சரி என்பது என் கருத்து. 2017 செப்டம்பரில் அறிமுகமானபோது அமெரிக்காவில் இதன் விலை ஏறக்குறைய 1,700 டாலர். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது 13.2 × 8.8 மி.மீ. அளவுள்ள சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. இதை ‘ஒரு அங்குல சென்சார்’ என்று அழைக்கிறார்கள். ஆனால் அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் விட்டத்திலிருந்து தொற்றிக்கொண்ட பெயர் அது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள முழுச்சட்ட சென்சாரின் பரப்பில் இது ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

இதே அளவு சென்சார் கொண்ட வேறொரு கேமராவை நான் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தேன். வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டம் கூட்டமாக மரங்களுக்குத் திரும்புவது பொழுது சாயும் நேரத்தில்தான். அப்போது ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியை உணரும் திறனின் அளவை, 3200க்கு ஏற்றினால், நத்தைகுத்தி நாரையின் சாம்பல் வெள்ளை முதுகில் மணலைத் தூவியதைப் போலப் புள்ளிகள் நிறைந்துவிடும். இறகுக்கும் இறகுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். மென்பொருளால் புள்ளிகளைத் துடைத்தால் இறகும் சேர்ந்தே வழவழப்பாகிவிடும்.

பனங்காடை:
வல்லூறு ஐயா, சென்சாரை மட்டும் தனியே பிரித்து அளப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த லென்ஸ், முழுச்சட்டக் கேமராவில் 24 முதல் 600 மி.மீ. வரையுள்ள லென்ஸ்களுக்கு நிகரான காட்சியைத் தருகிறது. அதன் உண்மையான குவியத் தூரம் 8.8 முதல் 220 மி.மீ. வரை. கடைசி முனையிலும் துளை எஃப்/4 ஆகத் திறந்திருக்கிறது; அதாவது குவியத் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு. 220ஐ 4ஆல் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் விட்டம் 55 மி.மீ. என்று கிடைக்கும். மழையில் வைத்த பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நீர்தான் சேரும். அடிப்பாகம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

இப்போது, முழுச்சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 400 மி.மீ. எஃப்/6.3 லென்ஸை மாட்டுங்கள். அதுவும் 600 மி.மீ.க்கு நிகரான காட்சியையே தரும். ஆனால் அதன் வாய் 63 மி.மீ.தான். சென்சார் ஆர்எக்ஸ்10இல் உள்ளதைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தும் பறவையிடமிருந்து வந்து சேரும் மொத்த ஒளி மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். நீங்கள் சொல்லும் அந்த மாலையில், ஆர்எக்ஸ்10 எஃப்/4 துளையும் ஐஎஸ்ஓ 3200உம் வைத்து எடுக்கும் படத்தை, அதே ஷட்டர் வேகத்தில் அந்த லென்ஸ் ஐஎஸ்ஓ 8000 அளவுக்குப் போய்த்தான் எடுக்க முடியும். இதைச் சொல்லாமல் சென்சார் சிறியது என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்குப் பாதிக் கணக்குதான் போய்ச் சேரும்.

வல்லூறு:
கணக்கு சரிதான், 400 மி.மீ. லென்ஸைப் பொறுத்தவரை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பறவைக்காக லென்ஸ் வாங்குபவர் 400இல் நிற்பதில்லை. பள்ளிக்கரணையில் சாலையோரத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். 20 செ.மீ. நீளமுள்ள உள்ளான் என்ற கரையோரப் பறவை ஒன்று 30 மீட்டர் தொலைவில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கேமராவின் 20 மெகாபிக்சல் சட்டத்தில் அது சுமார் 610 பிக்சல் நீளத்துக்கு விழும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் உண்மையான 600 மி.மீ. எஃப்/6.3 லென்ஸைப் பூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும். ஒளி நுழையும் வாயும் 95 மி.மீ. ஆகிவிடும். காலின் நிறத்தையும் அலகின் வளைவையும் வைத்து இனம் பிரிக்க வேண்டிய பறவைகளில், இந்த வித்தியாசம்தான் பெயரைச் சொல்ல வைக்கும் அல்லது குறிப்பேட்டில் கேள்விக்குறியைப் போட வைக்கும்.

பனங்காடை:
தூரத்து உள்ளான் விஷயத்தில் உங்களை மறுக்க மாட்டேன். அங்கே 600 மி.மீ. லென்ஸே வெல்லும். ஆனால் சோனியின் 200-600 லென்ஸ் மட்டுமே 2.1 கிலோ, உடலுடன் சேர்த்தால் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். ஆர்எக்ஸ்10 மார்க் 4 பேட்டரியுடன் 1,095 கிராம். ஏரிக்கரையில் நான்கு மணி நேரம் நடப்பவருக்கு இது சிறிய வேறுபாடு இல்லை. அந்தப் பெரிய லென்ஸை வாங்கியவர்கள் இரண்டாம் மாதம் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தட்டான் கேட்ட இன்னொன்றை நாம் இருவருமே தொடவில்லை. அவர் தும்பி எடுக்க வேண்டும் என்கிறார். இந்த லென்ஸ் 600 மி.மீ. நிலையிலேயே 72 செ.மீ. நெருக்கம் வரை ஃபோகஸ் ஆகும், ஏழு செ.மீ. அகலப் பரப்பு சட்டத்தை நிறைத்துவிடும். அந்த 200-600 லென்ஸுக்குக் குறைந்தது 2.4 மீட்டர் இடைவெளி வேண்டும். போன மாதம் அல்லித்தண்டில் உட்கார்ந்திருந்த ஒரு தும்பியை எடுத்தேன். இறக்கை நுனிக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தச் சிறு கருங்கட்டமும், அதிலிருந்து பிரியும் நரம்புகளும் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தன. தலையை நிமிர்த்தியதும் நாமக்கோழி ஒன்று குஞ்சுகளுடன் நீரைக் கடந்தது. லென்ஸை மாற்றாமல் அதையும் எடுத்தேன். நொடிக்கு 24 படங்கள் எடுக்கும் வேகமும், சட்டத்தில் சுமார் 65 விழுக்காட்டுப் பரப்பில் பரவிய 315 ஃபோகஸ் புள்ளிகளும் அப்போதுதான் கைகொடுத்தன.

வல்லூறு:
தும்பியை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பது உண்மை. அது உங்கள் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. இருந்தாலும் வாங்குவதற்கு முன் தட்டான் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஜூம் வளையத்தைச் சுழற்றினாலும் உள்ளே லென்ஸை நகர்த்துவது மோட்டார்தான்; 24இலிருந்து 600க்குக் கையால் ஒரே திருப்பில் போவதைப் போல இதில் போக முடியாது. மீன்கொத்தி நீரில் பாய்வதற்கு முன் அந்த இடைவெளி பெரியது. இந்த வரிசையின் முதல் இரண்டு மாடல்களில் இருந்த, ஒளியைக் குறைக்கும் உள்ளமை என்டி ஃபில்டர் இதில் இல்லை என்பதால், வெயிலில் வீடியோ எடுப்பவர் 72 மி.மீ. ஃபில்டர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். சார்ஜ் செய்யும் துளையும் பழைய மைக்ரோ யுஎஸ்பி. எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸும் உடலும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், ஜூம் மோட்டார் பழுதானால் முழுக் கேமராவும் முடங்கும். பயன்படுத்திய கேமராவை வாங்குபவருக்கு இதுதான் பெரிய ஆபத்து.

பனங்காடை:
அந்தக் கடைசிக் குறையை நானும் வழிமொழிகிறேன். தட்டான், விற்பவரிடம் போகும்போது ஜூமை இரு முனைகளுக்கும் பத்து முறையாவது ஓட்டிப் பாருங்கள். எங்கேனும் தயங்கினாலோ சத்தம் மாறினாலோ வேண்டாம். பிறகு வெள்ளைச் சுவரை எஃப்/11இல் வைத்துப் படமெடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே தூசி போயிருந்தால் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். இந்த அமைப்பில் அதை நாமே திறந்து துடைக்க முடியாது.

தட்டான்:
இருவருக்கும் நன்றி. என் படங்களில் பாதிக்கு மேல் பத்து மீட்டருக்குள் எடுத்தவை என்பதை நேற்றிரவு பழைய கோப்புகளைப் புரட்டியபோது கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை விற்பவரைச் சந்திக்கிறேன். சுவர்ப் படத்தை எடுத்ததும் இங்கே பதிவேற்றுகிறேன். வல்லூறு ஐயாவும் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.