கண்டியில் படிக்கட்டால் நடந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நான் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்துக் கண்டிக்கு வந்து நாலு வருசமாகிறது. பைரவகந்தைச் சரிவில் ஒரு வாடகை அறை. வந்த புதிதில் எங்கே போவதென்றாலும் த்ரீவீல்தான். "ரோட்டால போனா சுத்திக்கிட்டே இருக்கணும், படியால இறங்குங்க" என்று வீட்டுக்கார அம்மா சொன்ன பிறகுதான் நடக்கத் தொடங்கினேன்.

கண்டி மலைகளுக்கு நடுவே குழிந்து கிடக்கிற ஊர். அடியில் வாவி. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தது, அதற்கு முன் அங்கே வயல்தான் இருந்ததாம். வாகனப் பாதைகள் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். படிக்கட்டுகள் நேரே ஏறும். இரண்டு வீட்டு மதில்களுக்கு நடுவே ஆளொருவர் போகும் அகலம், பக்கத்தில் தண்ணீர் ஓடும் கான், மழைக்காலத்தில் பாசி. என் போனிலுள்ள மேப்பில் இவற்றில் பாதியைக்கூடக் காணோம்.

முதல் வாரமே பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஒரு அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், ஒரு கையில் கீரைக்கட்டு, மறு கையில் அரிசிப் பை. "ஒக்காராத புள்ள, ஒக்காந்தா கால் விட்டுப்போகும். நின்னே மூச்ச எடு" என்றார். புஸ்ஸல்லாவைப் பக்கம் முப்பது வருசம் கொழுந்து எடுத்தவராம். இப்போது மகன் வீட்டோடு இருக்கிறார். மீதிப் படிகளை அவரோடுதான் ஏறினேன். மலைக்கு நேரே நெஞ்சைக் காட்டாமல் கொஞ்சம் சாய்ந்து ஏற வேண்டும், விரலை மட்டும் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் வைக்க வேண்டும், பேச்சு நிற்காத வேகத்தில் போக வேண்டும். சொல்லிக்கொண்டே ஏறினார், அவருக்கு ஒரு தடவைகூட மூச்சு இரைக்கவில்லை.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். முதுகில் கூடையோடு அவர் மலை ஏறுவதைப் பதினெட்டு வருசம் பார்த்திருக்கிறேன். எப்படி ஏறுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று இரவு நித்திரை வரவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு காலை என்றால் நடைதான். அதிகம் போவது தலதா மாளிகைக்குப் பின்னாலிருக்கிற உடவத்தகலை. டவுனை ஒட்டியே 104 ஹெக்டேயர் காடு, 1938இலிருந்து சரணாலயம். டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் பத்து நிமிசத்தில் ஹோர்ன் சத்தம் அடங்கிவிடும். லேடி ஹோர்ட்டன் பாதை மேட்டைச் சுற்றிப் போகிறது. ஆளுநர் வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரில் வைத்தது. குரங்குகள் பையைப் பறிக்கும், சாப்பாட்டைக் கையில் வைத்திருக்க வேண்டாம். மழைக்குப் பிறகு அட்டை. காலுறைக்கு மேலே சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசினால் ஓரளவு தப்பலாம்.

ஒரு நாள் அட்டையைப் பிய்க்க முடியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தபோது, காட்டுக்குள் இருக்கும் ஆசிரமத்துப் பிக்கு ஒருவர் வெறுங்காலோடு எதிரே வந்தார். அவர் காலிலும் இரண்டு தொங்கின. "வயிறு நிறைந்தால் தானே விழும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, ஆனால் பயம் போய்விட்டது.

பெண்கள் தனியாகப் போவதென்றால் பிரதான பாதையைவிட்டு விலக வேண்டாம். நான் தோழி ஒருத்தியோடுதான் போவேன். துணை இல்லாத நாளில் வாவிக்கு மேலேயுள்ள வேஸ் பார்க்கோடு திரும்பிவிடுவேன். பர்மாவில் ஜப்பானியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கி ஒன்று அங்கே நிற்கிறது, மவுண்ட்பேட்டன் கொடுத்தது.

நீங்கள் ஏறின படி எது? யாரைச் சந்தித்தீர்கள்?

*

நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன் தங்கச்சி. எங்கள் ஊரில் படிக்கட்டைவிட பார்க்தான் நடப்பவர்களுக்குச் சொத்து. விக்டோரியா பார்க், 1897இல் மகாராணியின் வைர விழாவுக்குப் பெயர் வைத்தது. ஓய்வு பெற்றபின் தினமும் அங்கேதான் நடக்கிறேன். ஒரு மாலை கானோரம் கமராவோடு ஒரு பொடியன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நானும் நின்றேன். சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி வந்தது: பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. நம் ஆறுமணிக்குருவி! இருட்டும் நேரத்துக்குக் கூவுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், கண்ணால் கண்டது அன்றுதான். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வருவதாம். ஒக்டோபருக்குப் பிறகு வாருங்கள், சத்தம் போடாமல் கானோரமாக நில்லுங்கள்.

*

நன்றி அண்ணா, டிசம்பரில் கட்டாயம் வருவேன்.

எழுத விட்டுப்போனது ஒன்று. போன மாதம் அம்மா கண்டிக்கு வந்தார். முழங்கால் வலி என்று த்ரீவீல் பிடிக்கப் பார்த்தேன், விடவில்லை. படியால் ஏறினோம். கொஞ்சம் சாய்ந்து, முழுப் பாதம் வைத்து, அந்த அம்மா சொன்னது போலவே. இரண்டு இடத்தில் நின்றார், உட்காரவில்லை. இது யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "அம்மாச்சிக்குப் பின்னால ஏறினேன், வேற யாரு" என்றார். மேலே வந்ததும் கீழே வாவியைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒசரத்துக்குக் குழாயில தண்ணி ஏறுதா புள்ள?" என்று கேட்டார்.