டார் கோப்பை விரித்தாச்சு, செட்டப்பைக் காணவில்லை

நல்லூர்ப் பெடியன்:
பழைய மடிக்கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன். மொசில்லாவின் தளத்தில் ஃபயர்ஃபாக்ஸை இறக்கினால் டார்.எக்ஸ்இசட் என்று முடிகிற கோப்பு வந்தது. விரித்தால் உள்ளே ஒரு கோப்புறை, அதற்குள் ஏதேதோ கோப்புகள், செட்டப் என்று ஒன்றுமே இல்லை. நெற்றில் கிடைத்த குறிப்பொன்று கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று அடிக்கச் சொல்கிறது, முதலாவதிலேயே அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. இதையே பருத்தித்துறையில் மாமா வீட்டுக் கணினியிலும் போட வேணும், அங்கே நெற் சரியான இழுவை. யாராவது விளங்கப்படுத்துங்கோ.

கொக்குவிலான்:
தம்பி, அந்த மூன்று கட்டளையும் மூலநிரலாக, அதாவது நாங்களே கட்டி எடுக்க வேண்டிய நிரலாக, வருகிறவைக்கு. நீர் இறக்கியது கட்டி முடித்த மென்பொருள், அதில் கன்ஃபிகர் இருக்காது. டார் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுகிற வேலை மட்டும்தான், காந்த நாடாவில் சேமித்த காலத்து யூனிக்ஸ் கருவி. சுருக்குவது எக்ஸ்இசட், ஜிசட் போன்றவை. ஆகவே பெயரைப் பார்த்து எப்படி நிறுவுவது என்று சொல்ல ஏலாது, விரித்துப் பார்த்துத்தான் சொல்லலாம். ரீட்மி அல்லது இன்ஸ்டால் என்று கோப்பு கிடந்தால் முதலில் அதை வாசியும், முக்கால்வாசிப் பேர் அதைத் திறப்பதே இல்லை.

உமக்கு நிறுவ ஒன்றுமில்லை. அந்தக் கோப்புறைக்குள் டெர்மினலை (கட்டளை அடிக்கிற சாளரம்) திறந்து, புள்ளி, சாய்கோடு, உடனே ஃபயர்ஃபாக்ஸ் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் சரி. கோப்புறையை ஹோமுக்குள்ளேயே (உமது சொந்தக் கோப்புறை) வையும், அப்போதுதான் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சூடோ என்ற நிர்வாகிக் கட்டளை போட்டு ஆப்ட் கோப்புறைக்குள் நகலெடுத்தால் உரிமை ரூட் என்ற நிர்வாகிக் கணக்கிடம் போய்விடும், பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் நீர்தான் மினக்கெட வேணும்.

சுன்னாகம் அக்கா:
ஏன் இவ்வளவு பாடு? 2024 ஜனவரியில் இருந்து மொசில்லாவே டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ்களுக்கு டெப் என்ற நிறுவல் பொதி தருகிறது. அவர்களின் களஞ்சியத்தை ஏபிடியில் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவுகிற கருவி) ஒருதரம் சேர்த்துவிட்டால் மற்ற மென்பொருட்களோடு சேர்ந்து புதுப்பித்தலும் வந்துவிடும். டார் கோப்பு எல்லாம் ஏபிடியில் கிடைக்காதவைக்கு வைத்துக்கொள்ளுங்கோ. மூலநிரலில் இருந்து மேக் இன்ஸ்டால் செய்ததைப் பிறகு அழிக்கிற கரைச்சல் பட்டவர்களுக்குத்தான் தெரியும், எது எங்கே போனதென்று ஏபிடிக்குத் தெரியாது.

கொக்குவிலான்:
அக்கா சொல்வது தம்பியின் கணினிக்குச் சரி. மாமா வீட்டுக்கு டார்தான் லேசு, பென் டிரைவில் கொண்டுபோகலாம்.

நல்லூர்ப் பெடியன்:
ஓடுது! நன்றி அண்ணை. அப்ப இந்த விரித்த கோப்புறையை அப்படியே பென் டிரைவில் போட்டுக்கொண்டு போகட்டா?

கொக்குவிலான்:
வேண்டாம். பென் டிரைவ் அநேகமாக ஃபாட்32 ஆக இருக்கும், அதில் லினக்ஸின் கோப்பு அனுமதிகள் பதியாது. எது இயங்கும் கோப்பு என்ற தகவல் அந்த அனுமதியில்தான் இருக்கிறது. டார் கோப்பை விரிக்காமல் கொண்டுபோய் மாமாவின் ஹோமில் வைத்து விரியும், அனுமதிகள் அதற்குள்ளேயே பத்திரமாக வரும். டெர்மினலில் டார், ஒரு இடைவெளி, எக்ஸ்எஃப், இன்னொரு இடைவெளி, பிறகு கோப்பின் பெயர், எல்லாம் ஆங்கிலத்தில். பெயரின் முதல் எழுத்துகளை அடித்து டாப் விசையைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பும். போகமுதல் மாமாவிடம் அங்கே யூநேம், இடைவெளி, கழித்தல் குறி, எம் என்று அடித்துப் பார்க்கச் சொல்லும். 64 என்று முடியாமல் ஐ686 என்று வந்தால் அது 32-பிட், நீர் இறக்கிய 64-பிட் கோப்பு அங்கே ஓடாது.