அப்பா 80 (அப்பாவைச் சேர்க்காதீர்கள்)

மாலா அக்கா: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். கார்டு அடிப்பவர் மாலை 5 மணிக்குள் வாசகம் கேட்கிறார். முன்பக்கம் திருக்கடையூர் கோபுரம். உள்ளே முழுக்கக் காலி. அப்பாவுக்கு என்ன எழுதுவது?

செந்தில் அண்ணன்: சைட்டில் இருக்கிறேன். ராத்திரி பார்க்கிறேன்

மாலா அக்கா: எழுபதுக்கும் இப்படித்தான் சொன்னாய். கடைசியில் ஆளே வரவில்லை

செந்தில் அண்ணன்: லீவு தரவில்லை அக்கா

அத்தான்: மாமாவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் 🎂🎂

மாலா அக்கா: இன்று இல்லை. மேலே படியுங்கள்

சித்தப்பா: அன்புள்ள அனைவருக்கும். வாழ்த்து என்பது மூன்று பகுதியாக அமைய வேண்டும். முதலில் விளி. 'எங்கள் குலவிளக்கே' என்று தொடங்கலாம். அடுத்து, மக்கட்பேறு அதிகாரத்தின் கடைசிக் குறளை அப்படியே போடலாம். இவனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊர் சொல்லும்படி நடப்பதுதான் மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாறு என்பது அதன் கருத்து. மூன்றாவதாக, சதாபிஷேகம் என்பதால் ஆயிரம் பிறை கண்டதைக் குறிப்பிட வேண்டும். 80 வயது கடந்து 8 மாதத்தில் அந்தக் கணக்கு வரும் என்பார்கள். முடிவில் 'தங்கள் பாதம் பணியும்' என்று எழுதி, வயது வரிசையில் பெயர்கள். வரிசை மாறக் கூடாது.

செந்தில் அண்ணன்: அந்தக் குறளை என் கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டாச்சு சித்தப்பா

சித்தப்பா: நல்ல குறளை இரண்டு முறை போடலாம்.

அத்தை: வரிசை என்றால் என் பெயர் எங்கே வரும்? அறுபதுக்கு ஆரத்தி எடுக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை

மாலா அக்கா: அத்தை, இந்தத் தடவை நீங்கள்தான் எடுக்கிறீர்கள்

யாழினி: தாத்தாவுக்குப் பொடி எழுத்து தெரியாது. நாலு வரி போதும். நெட்டில் 'என் முதல் ஹீரோ நீங்கள்தான்' என்று ஒன்று இருக்கிறது

மாலா அக்கா: எந்தப் படத்தில் என்று கேட்பார் உன் தாத்தா

அத்தான்: அசோகா சொல்லியாச்சா? திருவையாற்றிலிருந்து வாங்கிவிடலாம்

மாலா அக்கா: அப்பாவுக்கு சுகர். இப்போது அது வேண்டாம்

நான்: ஒரு விஷயம். பட்டு வேட்டி தேடி அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே அப்பா பிலாயிலிருந்து அனுப்பிய மணியார்டர் துண்டுகள். பணம் கொடுக்கும்போது போஸ்ட்மேன் கிழித்துத் தருவாரே, செய்தி எழுதும் துண்டு, அதுதான். வருடவாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மாலா அக்கா: இன்னும் இருக்கிறதா!

நான்: 1986 ஆகஸ்ட். 'ரூ. 350. மாலா பீஸ் 40. செந்திலுக்குச் செருப்பு. நலம்.'

நான்: 1987 மார்ச். 'தந்தி கிடைத்தது. மூன்றாவதும் சுகப்பிரசவம், சந்தோஷம். பெயர் உங்கள் இஷ்டம். இங்கு எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன். நலம்.' இது நான் பிறந்தபோது.

யாழினி: எல்லாவற்றிலும் நலம் இருக்கிறதா மாமா?

நான்: எல்லாவற்றிலும். ஒன்றில் இடமே இல்லை, ஓரத்தில் குறுக்காக எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் மசி ஊறிப் பின்பக்கம் தெரிகிறது.

நான்: 1985 ஜூன். 'ரூ. 600. இதில் 250 சேகர் டிரெயினிங்குக்கு. அவனிடம் கணக்குக் கேட்க வேண்டாம். நலம்.'

அத்தை: அந்த மாதம் அண்ணி வளையலை அடகு வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. இப்போதாவது சொல்கிறேன்

மாலா அக்கா: அத்தை...

அத்தான்: வேன் 12 சீட்டா, 17 சீட்டா?

சித்தப்பா: அந்தத் துண்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு தம்பி.

செந்தில் அண்ணன்: செருப்பு வாங்கினார்கள். அம்மா கும்பகோணம் கூட்டிப்போய் வாங்கித் தந்தார்கள். நீல வார். ஒரு வாரம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அப்பாவிடம் இதைச் சொன்னதே இல்லை

யாழினி: அதையே எழுதுங்கள் மாமா

மாலா அக்கா: ஆமாம். அந்தத் துண்டுகளுக்கு நாம் பதிலே போட்டதில்லை. 'அப்பா, செருப்பு வாங்கினோம். பீஸ் கட்டியாச்சு. எல்லாரும் நலம்.' இது போதாதா?

நான்: எனக்கு அழுகை வருகிறது அக்கா. இதுதான்

சித்தப்பா: கட்டினோம் என்று இருக்கட்டும்.

சித்தப்பா: குறள் வேண்டாம். என் வரி ஒன்று சேர்த்துக்கொள். 'டிரெயினிங் முடித்தேன் அண்ணா. 31 வருடம் பாடம் நடத்தினேன். சேகர்.'

அத்தை: எனக்கும் ஒரு வரி. 'தீபாவளிப் புடவை வருடம் தவறாமல் வந்தது அண்ணா'

யாழினி: நாலு வரி தாண்டியாச்சு

மாலா அக்கா: கார்டுக்காரர் போன் செய்கிறார். என்ன சொல்ல?

செந்தில் அண்ணன்: உள்ளே காலியாகவே அடிக்கச் சொல். அவரவர் வரியை அவரவர் கையால் பெரிதாக எழுதலாம்

மாலா அக்கா: நீ வந்தால்தானே எழுதுவாய்

செந்தில் அண்ணன்: டிக்கெட் போட்டாச்சு. வியாழன் காலை திருச்சியில் இறங்குகிறேன்

மாலா அக்கா: நிஜமாகவா

சித்தப்பா: கையெழுத்து என்றால் மை பேனாவில் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம்.

மாலா அக்கா: கோபுரத்துக்குக் கீழே 'எல்லாரும் நலம்' மட்டும் அச்சடிக்கச் சொல்லவா?

அத்தை: ஆயிரம் பிறை எழுத வேண்டாமா?

மாலா அக்கா: அவரிடம் பேசிவிட்டு வருகிறேன்

யாழினி: பாட்டி கேட்கிறார்கள். டின்னை யார் எடுத்தது, துண்டுகளை வருடம் மாறாமல் கட்டி வைக்க வேண்டுமாம்

நான்: வைத்துவிடுகிறேன் என்று சொல்

அத்தான்: வேன்?