கூஸ் வாத்து முட்டையிடுவதை நிறுத்திவிட்டதா என்று எப்படி அறிவது?

தோப்புவாசி:
பொள்ளாச்சி அருகே எங்கள் தென்னந்தோப்பில் காவலுக்காக ஓர் ஆணும் மூன்று பெட்டைகளுமாக நான்கு கூஸ் வாத்துகளை வளர்க்கிறேன். சென்ற மாதம் வரை வைக்கோல் போரடியில் நாளுக்கு ஒன்றிரண்டு முட்டைகள் கிடைத்தன. பத்து நாள்களாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முட்டையிடுவதை நிறுத்திவிட்டனவா, வேறெங்காவது மறைத்து இடுகின்றனவா, கீரி கொண்டுபோகிறதா என்று தெரியவில்லை. எந்தப் பெட்டை இடுகிறது என்பதைப் பறவையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பண்ணைக்காரர்:
முடியும். மாலையில் அடைத்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து, சிறகுகளை உடலோடு அணைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். கொத்து வாங்காமல் தப்பிக்கலாம். எச்சத்துவாரத்தின் இருபுறமும் மெல்லிய இரண்டு எலும்பு முனைகள் விரலுக்குத் தட்டுப்படும். முட்டையிடும் பெட்டைக்கு அவற்றின் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழையும். துவாரம் அகன்று ஈரமாகவும், அடிவயிறு மெத்தென்று தளர்ந்தும் இருக்கும். நிறுத்திய பெட்டைக்கு எலும்புகள் நெருங்கி, துவாரம் சுருங்கி உலர்ந்திருக்கும். விரல் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். முதலில் ஆண் வாத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டைகளைத் தொட்டால் வேறுபாடு தானாகவே புரியும்.

கொட்டகை:
அடைகாக்கத் தொடங்கும் வரை பெட்டை ஒவ்வொரு முறை இட்ட பிறகும் முட்டைகளை வைக்கோலாலும் சருகாலும் மூடிவிட்டுப் போகும் என்பதால், கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வைத்து இடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். காலையில் ஆண் வாத்து எந்த இடத்தை விட்டு நகராமல் நின்று சீறுகிறது என்று கவனியுங்கள்; பெரும்பாலும் கூடு அதன் பக்கத்தில்தான் இருக்கும். மூடிய சருகில் நெஞ்சுத் தூவியும் கலந்திருந்தால் அடைக்கு அமரப்போகிறது என்று பொருள். அமர்ந்துவிட்டால் முட்டை நின்றுவிடும். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ 30 நாள்கள் ஆகும்.

பண்ணைக்காரர்:
இன்னொன்று. கோழியைப் போல இவை ஆண்டு முழுவதும் இடுவதில்லை. பருவம் முடிந்து சிறகு உதிர்க்கத் தொடங்கினால் தீவனத்தைக் கூட்டிப் பயனில்லை, கொழுப்புதான் ஏறும்.

தோப்புவாசி:
நேற்று மாலை மூன்றையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டுக்கு எலும்புகள் ஆணுக்கு இருப்பதைப் போலவே நெருங்கியிருந்தன. கொட்டகையில் அவற்றின் சிறகுகளும் உதிர்ந்து கிடந்தன. மூன்றாவதற்கு மூன்று விரல்கள் தாராளமாக நுழைந்தன. இன்று காலை ஆண் வாத்து நின்று சீறிய இடத்தில், அடுக்கியிருந்த தென்னை மட்டைகளுக்கு அடியில், சருகு மூடிய குழியில் ஐந்து முட்டைகள் இருந்தன. தூவி இல்லை. இவற்றை அடைக்கு வைக்கலாமா?

கொட்டகை:
ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டைகளில் பொரிப்பு குறையும். எது எப்போது இட்டது என்று தெரியாததால் நான்கைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, ஒன்றில் பென்சிலால் குறியிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். குழியை வெறுமையாக்கினால் அது மறுபடியும் இடம் மாற்றிவிடும்.