ஃபயர்ஃபிஷ் வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் ரீஃப் தொட்டிக்கு (பவளத்தோடு கடல் மீன் வளர்க்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டி) வந்த முதல் ஃபயர்ஃபிஷ், விரல் நீளமே உள்ள அந்தக் கடல் மீன், பதினோரு நாள்தான் இருந்தது. நோய் எதுவும் இல்லை. அம்மோனியா பூஜ்யம், உப்புத்தன்மை 1.025, வெப்பம் 25 டிகிரி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் மீனைக் காணோம். வெட்கப்படுகிற மீன்தானே, பாறைக்குள் ஒளிந்திருக்கும் என்று நினைத்து அன்று தேடவே இல்லை. மறுநாள் கீழே விழுந்த ஒரு கிளிப்பை எடுக்க ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டபோதுதான் கிடைத்தது, காய்ந்து விறைத்துப்போய். மூடி போட்டுத்தான் வைத்திருந்தேன். ஹீட்டர் ஒயருக்காக மூலையில் வெட்டிவிட்ட இரண்டு விரல் அகல இடைவெளி, அது வழியாகத்தான் போயிருக்கிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதற்கப்புறம்தான் இந்த மீனைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். கடலில் இது பவளப் பாறை ஓரத்தில், மணலும் உடைந்த கல்லும் கிடக்கிற இடத்தில், ஒரு பொந்துக்கு மேலேயே நீரோட்டத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டு, மிதந்து வருகிற கோப்பிபாட் (கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டி ஓட்டுயிர்) மாதிரி சின்ன உயிர்களைப் பிடித்துத் தின்னும். நிழல் ஆடினால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் பொந்துக்குள் போய்விடும். தொட்டியில் அந்தப் பொந்து இல்லையென்றாலோ, வேறு மீன் அதைப் பிடித்துக்கொண்டாலோ, பயந்த மீனுக்கு மிச்சமிருக்கிற வழி மேலே பாய்வதுதான். என் மீனுக்கும் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். வளர்ந்தாலே 9 செ.மீ. தாண்டாது, உடம்பு பென்சில் மாதிரி ஒல்லி, அதனால் சின்னச் சந்தும் அதற்குக் கதவு.

இரண்டாவது மீன் வருவதற்கு முன்னால் மூடியை எடுத்துவிட்டு, 6 மி.மீ. கண்ணுள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன், ஒயர் வருகிற இடத்தையும் விடவில்லை. பாறைக்கு அடியில் உடைந்த பவளத் துண்டுகளைக் குவித்து, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மூன்று பொந்து வைத்தேன். விளக்கு சட்டென்று அணைகிற பழக்கத்தையும் நிறுத்தினேன், இப்போது அரை மணி நேரம் எடுத்து மெல்ல மங்குகிறது. இந்த மீன் மூன்று வருடமாக இருக்கிறது. முன்பாதி பால் வெள்ளை, பின்னால் போகப்போக ஆரஞ்சு, வாலருகே கருஞ்சிவப்பு. முதுகில் நிற்கிற அந்த நீளமான துடுப்பை டக் டக்கென்று மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கும். மைசிஸ் (இறால் மாதிரி சின்ன உயிர், மீன் தீனி) போடும்போது கவனித்துப் பாருங்கள், துரத்திக்கொண்டு போகாது, நின்ற இடத்திலேயே நின்று தன் முன்னால் வருவதை மட்டும் கவ்வும். அதனால் வேகமாகத் தின்கிற மீன்கள் நிறைய இருந்தால் இதற்கு ஒன்றும் மிஞ்சாது. நான் ஒரே தடவை கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு மூன்று தடவை கொடுக்கிறேன்.

பதில்:
என் அனுபவம் ஜோடி விஷயத்தில். ஒரே அளவில் இரண்டு வாங்கினேன். மூன்று வாரம் ஒரே பொந்துக்குள் ஒன்றாகப் போய் வந்தன, ஜோடி சேர்ந்துவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். நாலாவது வாரம் ஒன்று மட்டும் எப்போது பார்த்தாலும் மேல் மூலையில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி நின்றது, வால் கிழிந்திருந்தது. அன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றியதால் பிழைத்தது. வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது, அதனால் ஏற்கெனவே ஜோடியாக இருப்பவை கிடைத்தாலொழிய ஒன்றே போதும். மற்ற மீன்களோடு இவ்வளவு சாதுவாக இருக்கிற மீன் தன் இனத்தோடு இப்படிச் சண்டை போடும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பதில்:
என்னுடையது ஒன்பது நாள் காணாமல் போய், செத்துவிட்டது என்றே முடிவு பண்ணிவிட்டோம். ஓவர்ஃப்ளோ பெட்டியை (தொட்டியின் மேல்தண்ணீர் வழிந்து விழுகிற பெட்டி) சுத்தம் பண்ணத் திறந்தால் அடியில் உயிரோடு நிற்கிறது! கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். அங்கே பெருகியிருந்த கோப்பிபாட்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். வலை போட்டுப் பிடிக்காமல் ஒரு டம்ளரில் தண்ணீரோடு சேர்த்து எடுத்தேன், வலையில் துடுப்பு மாட்டிக் கிழிந்துவிடும். இப்போது பெட்டிக்குள் தண்ணீர் வழிகிற பல் மாதிரியான இடைவெளிகள் மேலேயும் வலை இருக்கிறது. காணோம் என்றால் தரையை மட்டும் தேடாதீர்கள், ஓவர்ஃப்ளோ, சம்ப் (வழிந்த தண்ணீர் போய்ச் சேருகிற கீழ்த்தொட்டி), ஃபில்டர் சாக் (அழுக்கை வடிகட்டுகிற துணிப்பை) எல்லாவற்றையும் பாருங்கள்.

பதில்:
நான் வாங்கி ஐந்து நாள் ஆகிறது. தலையை மட்டும் நீட்டுகிறது, வெளியே வரவில்லை, சாப்பிட்டதையும் பார்க்கவில்லை. தொட்டியில் ஒரு க்ளவுன் மீன் ஜோடியும் ஒரு டாட்டிபேக் மீனும் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில் (முதலில் எழுதியவன்):
தலையை நீட்டுகிறதென்றால் நம்பிக்கை இருக்கிறது, முதல் வாரம் ஒளிவது சகஜம். பம்பை பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, உயிருள்ள குட்டி பிரைன் ஷ்ரிம்பை (மீன் தீனியாகப் பொரிக்க வைக்கிற சின்ன உப்புநீர் உயிர்) நீளமான குழாயில் எடுத்துப் பொந்து வாசலில் மெல்ல விடுங்கள், விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்காருங்கள். என் இரண்டாவது மீன் ஆறாம் நாள் அப்படித்தான் முதல் வாய் எடுத்தது. எனக்குக் கவலை டாட்டிபேக்தான். அது பாறைப் பொந்து முழுவதையும் தன்னுடையது என்று நினைக்கிற மீன், இதை வெளியே விடாமல் விரட்டிக்கொண்டிருக்கலாம். இன்று மாலை ஒரு மணி நேரம் விளக்கை மங்க வைத்து, தூரத்திலிருந்து பாருங்கள். விரட்டுவதைக் கண்ணால் பார்த்தால் டாட்டிபேக்கை எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன்னால், மூடியில் ஒயர் வருகிற இடம் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.