சிங்காரி மேளம் போட்டி டீம், அடுத்த வருஷத்துக்கு எந்த வழியில போவலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

குழித்துறை_உருட்டு:

எல்லாருக்கும் வணக்கம். நான் குழித்துறை பக்கம், களியக்காவிளைக்கு இப்புறம். எங்க ஆர்ட்ஸ் அன்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்புல 11 வருஷமா சிங்காரி மேளம் நடத்துறோம், ஆடிக்கிட்டே செண்டை அடிக்குற மேளம். இப்ப 32 பேரு, 16 உருட்டு (உருட்டி வாசிக்குற செண்டை), 10 வீக்கன் (தாளம் பிடிக்குற செண்டை), 6 இலத்தாளம் (கைத்தாளம்). அம்மன் கொடை, பங்குத் திருவிழா, கல்யாணம், கட்சிக்காரங்க வரவேற்புன்னு எல்லாத்துக்கும் அடிப்போம், பாறசாலை நெய்யாற்றின்கரை வரைக்கும் கூப்பிடுவாங்க. ஆனா பயலுவளுக்கு உசுரு போட்டியிலதான். பாதிப் பேரு காலைல 4 மணிக்கு ரப்பர் பால்வெட்டுக்கு போயிட்டு வந்து சாயங்காலம் செண்டை தூக்குறவனுவ, அவனுவளுக்கு அந்த 15 நிமிஷம் பெரிய காரியம்.

இந்த ஓணத்துக்கு அக்கரையில, கேரளாவுல ஒரு போட்டிக்கு போனோம், எந்த ஊருன்னு வேண்டாம். எங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கல்ல. ஜெயிச்ச டீம் செண்டை சுத்தி எல்இடி ஒட்டி, ஒரு வயலின், ஒரு கீபோர்டு, பின்னால டிஜே ட்ராக்கோட வந்தாங்க. அவங்கள நான் குறை சொல்லல்ல, ஜனம் எழும்பி நின்னு கைதட்டினத எனக்க கண்ணாலேயே பாத்தேன். ஆனா அந்த ஸ்பீக்கர் பேஸ்ல ஒரு கோல் விழுற சத்தம்கூட எனக்கு கேக்கல்ல, அதுதான் இன்னும் மனசுல கெடந்து அறுக்குது. முடிஞ்ச பிறவு ஜட்ஜ் ஒருத்தருகிட்ட கேட்டேன், கொட்டு சுத்தமாத்தான் இருக்கு, ஆனா போன வருஷம் கண்டதுதானே இதுன்னு சொன்னாரு. அது உண்மைதான். மூணு வருஷமா ஒரே அடவு, ஒரே குதி, ஒரே முடிப்பு.

இப்ப டீம் மூணா பிரிஞ்சு கெடக்கு. ஒரு கூட்டம் ட்ராக்கும் லைட்டும் வாங்குவோம்ங்குது. வயசு கூடின நாலு பேரு, ஆசான் ஒருத்தர வச்சு பஞ்சாரி, அதான் கோயில்ல அடிக்குற பழைய செண்டை மேளம், முறையா படிப்போம்ங்குறாங்க. சின்னப் பயலுவ அமெரிக்காக்காரன் டிரம் கோர் (கிரவுண்டுல அணிவகுத்து வாசிக்குற பேண்டு) வீடியோ ராத்திரி முழுக்க பாத்துட்டு, நாமளும் கத மாதிரி ஒரு ஷோ போடுவோம், கொடி, டிரெஸ், ஃபார்மேஷன் எல்லாம் மாத்துவோம்ங்குறானுவ. எனக்கு மூணு பேரு சொல்லுறதும் நியாயமாத்தான் படுது. கையில உள்ள காசுக்கு ஒண்ணு மட்டும்தான் செய்ய முடியும், அதுலயும் 8 செண்டைக்கு வட்டம் (தோல் கட்டின முகப்பு) மாத்தணும். டீம் உடைஞ்சிரக் கூடாதுன்னு பயமா இருக்கு. சொல்லுங்க.

—

மார்த்தாண்டம்_இண்டியானா:

தம்பி, நான் சொந்த ஊரு மார்த்தாண்டம், வேலைக்காக இண்டியானா மாநிலத்துல இருக்கேன். உங்க பயலுவ பாக்குற அந்த டிரம் கோர் ஃபைனல் வருஷா வருஷம் ஆகஸ்ட்ல இங்க இண்டியானாபொலிஸ் லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்துலதான் நடக்குது, நானும் ரெண்டு தடவ போய் பாத்திருக்கேன். அதனால அந்தப் பக்கத்தச் சொல்லுறேன், உதவுதான்னு பாருங்க.

இந்தப் போட்டிய நடத்துற டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனலோட முதல் சாம்பியன்ஷிப் 1972-ல. பித்தளை ஊதுறவங்க, டிரம் அடிக்குறவங்க, கொடி சுழற்றுறவங்க, இவ்வளவுதான், கிளாரினெட் சாக்ஸபோன் எல்லாம் கிடையாது. ஆடுறவங்களுக்கு 21 வயசுதான் உச்சம், அதுக்கு மேல போயிட்டா வெளிய வந்துரணும். மார்க் 100-ல மியூசிக்குக்கு 30, காட்சிக்கு 30, மிச்சம் 40 ஜெனரல் எஃபெக்ட்னு ஒண்ணுக்கு. ஆகமொத்தம் அந்த ஷோ பாக்குறவன என்ன பண்ணுச்சுங்குறதுக்கு உள்ள மார்க் அது. உங்க ஜட்ஜ் சொன்ன "போன வருஷம் கண்டதுதானே" இருக்கே, அது இந்த 40-லதான் அடிவாங்கும். கொட்டு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்த 40-ஐ மியூசிக் மார்க் காப்பாத்தாது.

இன்னொண்ணு, உங்க டீம்ல நடக்குற சண்டை இங்கயும் அப்படியே நடந்திருக்கு. 2004-ல மைக் ஸ்பீக்கர் வைக்கலாம்னு விட்டாங்க, 2009-ல சிந்தசைசர் விட்டாங்க, ரெண்டு தடவையும் பழைய ஆளுங்க இதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு 2014-ல புளூகோட்ஸ்னு ஒஹையோ டீம் ஒண்ணு வந்து, ஊதுறவங்களும் சிந்தசைசரும் ஒண்ணாச் சேந்து ஸ்ருதிய வழுக்கிக் கொண்டு போனாங்க, மொத்த ஸ்டேடியமும் ஒரு பக்கமா சாயுற மாதிரி ஒரு சத்தம். அந்த வருஷம் ரெண்டாவது இடம்தான், ஆனா ஜனம் இப்பவும் அதப் பேசுது. அங்க கரண்டு சாமான் ஊதுறவன் சத்தத்த மூடல்ல, அவன் தொடங்கின காரியத்த இன்னும் கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போச்சு. நீங்க ட்ராக் வாங்குறதுக்கு முன்னால இத ஒண்ண மட்டும் கேட்டுப் பாருங்க, இது செண்டைக்கு என்ன செய்யுது? பதில் வரல்லன்னா அந்தக் காசுக்கு வட்டம் மாத்துங்க.

பயலுவளுக்கு 1993-ல ஸ்டார் ஆஃப் இண்டியானாங்குற டீம் போட்ட ஷோ வீடியோவும் காட்டுங்க. எல்லாத்தையும் குறைச்சு, அலங்காரம் இல்லாம, மௌனத்தக்கூட வாத்தியமா வச்சு ஒரு ஷோ போட்டாங்க. ஜனத்துல பாதிக்கு பிடிக்கல்ல, 0.1 மார்க்ல முதல் இடம் போச்சு, 97.4-க்கு 97.3. அந்த வருஷத்தோட அவங்க போட்டிய விட்டே போயிட்டாங்க, ஆனா இன்னைக்கும் டிரம் கோர் ஷோ எழுதுறவங்க நிறைய பேரு அந்த ஷோவ திரும்பத் திரும்பப் பாக்குறாங்க. புதுசா ஒண்ணு செஞ்சா முதல் வருஷமே கப்பு வரும்னு எதிர்பாக்காதீங்க, அதையும் டீம்கிட்ட முன்னாலயே சொல்லிருங்க.

—

கொழிஞ்சாம்பாறை_செண்டை:

வணக்கமுங்க. நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை, வீட்டுல தமிழ், செண்டை படிச்சது மலையாளத்துல. எனக்கு சிங்காரியும் தெரியும், ஆசான்கிட்ட ஆறு வருஷம் பஞ்சாரியும் படிச்சிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் பேசலாம்னு நினைக்கிறேன்.

அண்ணா, கதைக்கு அமெரிக்கா போக வேண்டாம், பஞ்சாரிக்குள்ளயே கதை இருக்குது. அஞ்சு காலம், அதாவது அஞ்சு கட்டம். முதல் காலத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசில 6. ஒவ்வொண்ணும் முன்னதுல சரிபாதி. முழுசா அடிச்சா மூணு மணி நேரத்துக்கு மேல போகும். முதல் காலத்துல கூட்டம் சும்மா பேசிட்டு நிக்கும், கடலை தின்னுட்டு இருக்கும், மூணாவது காலம் வரைக்கும் யாரும் கைய தூக்க மாட்டாங்க, அப்புறம் எப்போ தூக்கினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது, ஆனா அஞ்சாவது காலத்துல ஆயிரம் கை மேல இருக்கும். திருச்சூர் பூரத்துல இலஞ்சித்தற மேளம் பாத்திருப்பீங்க, அது பாண்டிங்கற வேற மேளம், ஏழு அட்சரம், 250 பேருக்கு மேல நின்னு அடிக்கிறாங்க, ஆட்டமும் இல்ல லைட்டும் இல்ல, பட்டப்பகல்ல ஒரு மரத்தடியில நடக்குது, அதுக்கு எத்தன ஆயிரம் பேரு வர்றாங்க பாருங்க. அந்த எஃபெக்ட் எங்கிருந்து வருதுன்னா பொறுமையா ஏத்துறதுல இருந்து வருதுங்க.

சிங்காரியில நாம செய்யற தப்பு, முதல் நிமிஷத்துலயே உச்சத்துக்கு போயிடறோம். அப்புறம் ஏற எடம் இல்லாததால குதிக்கிறோம்.

ஆனா ஒண்ணு, பஞ்சாரிய வெட்டி 15 நிமிஷத்துல அடைச்சு அதுக்கு பஞ்சாரின்னே பேரு வைக்காதீங்க. ஆசான்மாருங்க வருத்தப்படுவாங்க, அது நியாயமான வருத்தம். அந்தப் பாதியாக்குற கணக்க மட்டும் எடுத்துக்கங்க. 15 நிமிஷத்துல நாலு நிமிஷம் மெதுவா நிக்கற தைரியம் உங்க டீமுக்கு இருக்குதான்னு பாருங்க. அதுக்கு கல்லுல சாதகம் பண்ணணும், கருங்கல்லுல புளிமுட்டி (புளியங்கட்டைக் கோல்) வச்சு, தக்கிட்டங்கற அடிய மட்டும், தினம் ஒரு மணி நேரம். ஆறு மாசம் பண்ணினா 16 உருட்டும் ஒரே கையா விழும். நாங்க பண்ணினப்ப முதல் மாசம் மணிக்கட்டு வீங்கி சோத்த எடுத்து வாயில வைக்க முடியல, அம்மா ஊட்டி விட்டாங்க.

—

பேண்டு_மாஸ்டர்_மகன்:

ரெண்டு பேரும் சொன்னது கொள்ளாம், ஆனா நான் கொஞ்சம் மறுத்துப் பேசுவேன், கோபம் வேண்டாம். காசு தந்து கூப்பிடுற கமிட்டிக்காரன் நாலு நிமிஷம் மெதுவா நிக்க விடமாட்டான். எங்க அப்பா கருங்கல் பக்கம் பேண்டு செட் நடத்தினாரு, ட்ரம்பெட் 6, யூபோனியம் (கனத்த சத்தத்துல ஊதுற பித்தளை வாத்தியம்) 2, கிளாரினெட், சைடு டிரம், பேஸ் டிரம், வெள்ளை யூனிஃபார்மு, தேர்ப்பவனிக்கு கீர்த்தனையும் மார்ச்சும்தான் வாசிப்பேன், சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டேன்னு கடைசி வரைக்கும் நின்னாரு. ஒவ்வொரு கோயிலா கை விட்டுப் போச்சு. அந்த ட்ரம்பெட் இப்ப எங்க வீட்டு பரண்ல கெடக்கு, வால்வு இறுகிப் போச்சு. அதனால ஜனத்துக்கு பிடிச்சதுன்னா மட்டமா பாக்குற பேச்சு எனக்கு ஒத்துக்காது. திருவிழாவுக்கு ஒரு மேளம், போட்டிக்கு ஒரு மேளம்னு ரெண்டா வச்சுக்குங்க, திருவிழாக் காசுலதான் போட்டி மேளம் ஓடும்.

ஆனா ட்ராக் வேண்டாம்னு நானும் சொல்லுவேன், காரணம் வேற. நம்ம பக்கம் ஊதத் தெரிஞ்சவன் எத்தன பேரு சும்மா இருக்கான் தெரியுமா? பள்ளிக்கூட பேண்டுல வாசிச்ச பயலுவ, சர்ச் பேண்டுல வாசிச்ச மாமாமாரு, எல்லாருக்க கையிலயும் வித்தை இருக்கு, வாசிக்க இடம் இல்ல. உங்க 32 பேரோட ஆறு பேரு பித்தளை வச்சு நின்னா அமெரிக்கால உள்ளதுக்கு நம்ம ஊரு பதிப்பு ஆயிடும், அம்மன் கோயில் செண்டையும் மாதா கோயில் பேண்டும்னு நம்ம ரெண்டு கோயில் சத்தமும் ஒண்ணா நிக்கும். குமரி மாவட்டத்துல தவிர வேற எங்க இது அமையும்?

—

கொழிஞ்சாம்பாறை_செண்டை:

நல்ல யோசனைதானுங்க, பஞ்சாரியிலயே ஊதற கொம்பும் குழலும் இருக்கே, செண்டைக்கு எதிர்ல நின்னு ஊதுவாங்க. ஆனா ட்ரம்பெட் பாட்டு வாசிச்சா எல்லாருடைய காதும் பாட்டுக்கு பின்னாலயே போயிடும், செண்டை அதுக்கு தாளம் போடற வேலைக்காரன் ஆயிடும். கொம்புக்காரங்க பாட்டு வாசிக்கறதில்ல, ஒவ்வொரு சுத்து முடியறப்ப எல்லாரையும் தூக்கி விடறாங்க. அந்த மாதிரி எழுதினா சரி.

—

இலத்தாளம்_அக்கா:

நான் பாறசாலை. எங்களது பெண்கள் டீம், 20 பேரு. இங்க குடும்பஸ்ரீ (கேரளாவுல பெண்கள் சுயஉதவி) குழுக்களே நிறைய இடத்துல சிங்காரி மேளம் அடிக்குறாங்க, நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ட்ராக் பத்தி எங்களுக்கு நடந்தத மட்டும் சொல்லுறேன். ரெண்டு வருஷம் முன்னால ஒரு உற்சவத்துல ட்ராக்கு, லைட்டு எல்லாம் வாடகைக்கு எடுத்து அடிச்சோம். ஏழாவது நிமிஷம் ஜெனரேட்டர் நின்னுபோச்சு. இருட்டு. லீடு கோல் தூக்குறது யாருக்கும் தெரியல்ல, ட்ராக்க நம்பியே படிச்சதனால எண்ணிக்கை யாருக்க மனசுலயும் இல்ல, ஒவ்வொருத்தியா நிறுத்திட்டா. வீக்கன் அடிக்குற ஒரு சேச்சி, 54 வயசு, அவங்க மட்டும் நிறுத்தாம ஒத்தக் கோல்ல அடிச்சிட்டே நின்னாங்க. நான் அந்தச் சத்தத்தப் பிடிச்சு இலத்தாளத்த போட்டேன், பிறவு ஒவ்வொருத்தியா ஏறி வந்தா. லைட்டு இல்லாமலேயே முடிச்சோம். அன்னைக்கு கமிட்டிக்காரங்க அந்த இருட்டுல அடிச்சதத்தான் பாராட்டினாங்க.

அதுக்குப் பிறவு எங்க ஷோ தொடக்கமே மாத்திட்டோம், இலத்தாளம் ஆறு பேரும் முன்னால நிப்போம், செண்டை பின்னால. எல்லா டீமுலயும் இலத்தாளத்த மூலையில நிறுத்துறாங்க, செண்டை தூக்க முடியாதவனுக்கு குடுக்குற சாமான்னு நினைப்பு. காலம் மாத்துறது எங்க கையிலதான் இருக்கு தம்பி. உங்க ஆறு பேருகிட்டயும் ஒரு தடவ யோசனை கேட்டியளா?

—

குழித்துறை_உருட்டு:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, கேக்கல்ல, உண்மையச் சொன்னா ஒரு தடவகூட கேக்கல்ல. நேத்து கேட்டேன். அதுல ஒரு பயல் 9 வருஷமா இருக்கான், சர்ச் பேண்டுல யூபோனியம் வாசிப்பான்னு எனக்கு நேத்துதான் தெரியும்.

ஞாயித்துக்கிழமை ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால உள்ள கிரவுண்டுல பரீட்சை பண்ணிப் பாத்தோம். 10 வீக்கனும் வட்டமா நின்னு ஒத்தக் கோல், ரொம்ப மெதுவா, இலத்தாளம் நடுவுல. உருட்டு 16-ம் கைய கட்டிட்டு நின்னோம். முதல் ரெண்டு நிமிஷம் எனக்கே சங்கடமா இருந்துது, என்னடா ஒண்ணும் நடக்கல்லியேன்னு. பிறவு சாயாக்கடையில இருந்தவங்க ஒவ்வொருத்தரா எழும்பி வந்து வேலிக்கிட்ட நின்னாங்க, யாரும் ஃபோன் எடுக்கல்ல, சும்மா நின்னு பாத்தாங்க. ரெண்டு மடங்கு ஏத்தும்போது யூபோனியத்த ஒரே ஸ்வரத்துல நீட்டச் சொன்னேன், வயித்துக்குள்ள போய் இறங்குற மாதிரி இருந்துது அண்ணே, டிஜே பேஸ் அங்க எதுக்குன்னு கேட்டது ட்ராக் வேணும்னு சண்டை போட்ட பயல்தான்.

ஆனா மூணாவது ஏத்தத்துல சிதறிட்டோம். நாலு நிமிஷம் மெதுவா நிக்க எங்களால முடியல்ல, மூணாவது நிமிஷமே கோல் தானா ஓடுது, ஃபோன்ல ரெக்கார்டு பண்ணினத கேட்டா நல்லா தெரியுது. மழை தூறி ரெண்டு செண்டைக்கு தோலும் தளந்து போச்சு. அதனால இப்போதைக்கு தீர்மானம் இவ்வளவுதான், காசுக்கு முதல்ல வட்டம் மாத்துறோம், திருவிழாவுக்கு பழைய மேளம் அப்படியே இருக்கும், போட்டிக்கு இத கொண்டு போறோம், ஜெயிச்சாலும் தோத்தாலும் ரெண்டு வருஷம். பயலுவகிட்ட அந்த 0.1 மார்க் கதையும் சொல்லியாச்சு.

கொழிஞ்சாம்பாறை அண்ணே, கருங்கல்லு இங்க வேணும்ங்குற அளவு கிடைக்கும். புளிமுட்டி வாங்கக் கிடைக்குமா, இல்லன்னா வீட்டு பின்னால ஒரு புளி நிக்குது, அதுல வெட்டிச் செய்யலாமா?

—

கொழிஞ்சாம்பாறை_செண்டை:

தாராளமா வெட்டுங்க. பச்சையா அடிக்காதீங்க, வெட்டி நிழல்ல காயப் போடுங்க, நல்லா காஞ்சப்புறம் செதுக்குங்க. 16 பேருக்கும் கனம் ஒரே மாதிரி இருக்கோணும்ங்க.